மார்பிள் தாள்: ஷேவிங் ஃபோம் டப்பா இல்லாத வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு முடியுமா?

கேள்வி, மே 4, 2024
பிள்ளைகளோடு மார்பிள் தாள், அதாவது பளிங்குக் கல் மாதிரி நெளிகோடுகளாக நிறம் ஏறிய தாள், செய்ய ஆசை. பெண்ணுக்கு மூன்றரை வயது, பையனுக்கு ஏழு. வீடியோக்களில் எல்லோரும் ஃபோம் டப்பாவை அழுத்தித் தட்டை நிரப்பிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் டியூப் க்ரீம்தான். சமையல் எண்ணெயில் ஃபுட் கலரைக் கலக்கித் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். தாள் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, நிறம் எல்லாம் அடியில். இது கிட் வாங்குகிறவர்களுக்கான வேலை, அடுக்களைச் சாமானில் நடக்காது என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மே 4, இரவு
நடக்கும். எண்ணெய் வழியில்தான் நடக்காது.

ஃபுட் கலர் தண்ணீரில் கரையும் சாயம். எண்ணெயோடு அது கலப்பதே இல்லை, சின்னச் சின்ன முத்துகளாக எண்ணெய்க்குள் தொங்கிக்கொண்டிருக்கும். தட்டில் விட்டதும் முத்துகள் கீழே இறங்கித் தண்ணீரில் கரைந்துவிடும். மேலே மிதப்பது வெறும் எண்ணெய். அதில் தாளை வைத்தால் எண்ணெய் பட்ட இடம் நிறத்தைத் தள்ளிவிடும், படாத இடம் வெளிறிய சாயத்தைக் குடிக்கும். பாட்டிலில் போட்டுக் குலுக்கி வேடிக்கை பார்க்க அருமையாக இருக்கும், தாளுக்கு உதவாது.

நிறம் மேற்பரப்பிலேயே நிற்க வேண்டும், தாள் தொட்டதும் அதற்கு மாறிவிட வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் போதும். நுரை அதைச் செய்யும், கஞ்சி செய்யும், சாக்பீஸ் பொடியும் செய்யும். மூன்றும் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.

டியூப் க்ரீமில் நுரை எடுக்க, ஒரு நெல்லிக்காய் அளவு க்ரீமை அகலமான கிண்ணத்தில் பிதுக்கி, இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, முட்டை அடிக்கும் கருவியால் அடியுங்கள். கருவியைத் தூக்கினால் நுரை கூராக நிற்க வேண்டும். வழிந்தால் தண்ணீர் அதிகம், இன்னும் கொஞ்சம் க்ரீம் சேருங்கள். எவர்சில்வர் தாம்பாளத்தில் விரல் தடிமனுக்குப் பரப்பி, ஸ்கேலால் மேலே சமன் செய்யுங்கள். ஃபுட் கலர் பொடியைச் சிட்டிகை எடுத்து அரை ஸ்பூன் தண்ணீரில் கரைத்து அங்கங்கே சொட்டு விடுங்கள். ஈர்க்குச்சியால் இழுங்கள். தாளை வைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மெதுவாக பத்து வரை எண்ணிவிட்டு எடுங்கள். நுரையோடு வரும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் கழித்து, கெட்டி அட்டையால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். அடியில் படம் இருக்கும்.

வழிக்கும் அந்த நொடிக்காகத்தான் பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதை நீங்கள் செய்யாதீர்கள். அட்டையை அவர்கள் கையில் கொடுங்கள்.

மே 5
நுரையில் நிறம் ஏன் பரவாமல் நிற்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நுரை என்பது ஏராளமான குமிழிகள். குமிழிகளுக்கு நடுவே சோப்பு கலந்த மெல்லிய நீர்ப்படலம்தான் இருக்கிறது. சாயம் அந்தப் படலத்தில் மட்டுமே நகர முடியும், அங்கே ஓட வழி குறைவு. தாள் மரநார், நீரை உறிஞ்சும். வைத்த இடத்தில் சாயத்தை இழுத்துக்கொள்கிறது. ஆகவே நுரை தளர்வாக இருந்தால் கோடுகள் மங்கும்.

மே 5, மாலை
தாள் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஜெராக்ஸ் தாள் நனைந்ததும் சுருண்டு, சின்னக் கை இழுத்தால் கிழிந்துவிடும். பளபளப்பான சார்ட் அட்டை சாயத்தை வாங்காது, வழிக்கும்போது எல்லாம் அட்டையோடு வந்துவிடும். டிராயிங் நோட்டுத் தாள் சரியாக இருக்கிறது. என் வீட்டில் அதைவிட நன்றாக வருவது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் சொரசொரப்பான பின்பக்கம். தடிமன் இருக்கிறது, கை நடுங்கினாலும் மடங்காது, மூன்று வயதுக் கைக்கு அளவும் பொருத்தம். பீரோ மேல் கட்டி வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். வழிக்கும் அட்டையும் அதிலேயே கிடைக்கும்.

மே 6
இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்கலாம். மூன்றரை வயதுப் பெண் கையை வாயில் வைக்கிற பிள்ளையா? அப்படியென்றால் ஷேவிங் நுரை அவளுக்கு வேண்டாம். பார்க்க ஐஸ்கிரீம் மேல் வைக்கும் க்ரீம் மாதிரியே இருக்கிறது, வாசனையும் இழுக்கும். அது சோப்பு. கண்ணில் பட்டால் எரிச்சலில் அன்றைய வேலையே நின்றுவிடும். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் ஈரத் துண்டும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். டப்பா நுரை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை வெளியே தள்ளுவது எரியும் வாயு. மே மாத மொட்டைமாடி வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைக்கக் கூடாது.

பூந்திக்கொட்டை நுரை இயற்கையானதாயிற்றே என்று கேட்பவர்களுக்கு: இயற்கைதான். ஆனால் எண்ணெய்க் குளியலில் அது கண்ணில் பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். வேண்டாம்.

மே 9
"எல்லாம் கடைசியில் சேற்று நிறம் ஆகிவிடுகிறது, பிள்ளை கிண்டிக்கொண்டே இருக்கிறாள், நிறுத்தச் சொன்னால் அழுகை" என்று வந்த பதிலைப் பார்த்தேன். இது நிறைய வீடுகளில் நடக்கிறது. இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

கிண்டுவதுதான் அவளுக்கு வேலை. படம் நமக்கு. "போதும் போதும், அழகாக இருக்கிறது, கெடுத்துடாதே" என்று நாம் சொல்லும்போது அவள் கையிலிருந்து அது நம் பொருளாக மாறிவிடுகிறது. என் அண்ணன் மகள் நாலு வயதில் ஒரு முறை ஈர்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "நீயே பண்ணிக்கோ அத்தை" என்று எழுந்து போனாள். அதிலிருந்து நான் நிறுத்தச் சொல்வதில்லை. நடுவில் தாள் மட்டும் நீட்டுவேன். சொட்டு விட்டதும் ஒரு தாள், நாலு இழுப்புக்குப் பிறகு ஒன்று, முழுக்கக் கிண்டிய பிறகு ஒன்று. ஒரே தட்டில் மூன்றும் வரும். காய வைத்து வரிசையாக ஒட்டினால் என்ன நடந்தது என்று அவளே கதை சொல்வாள்.

மே 9, சற்று நேரம் கழித்து
யோசித்ததில் இன்னும் எளிய வழி ஒன்று தெரிகிறது. எவ்வளவு கிண்டினாலும் கெடாத நிறங்களை மட்டும் மேசைக்குக் கொண்டு வாருங்கள். நீலமும் ரோஸும் கலந்தால் ஊதா. மஞ்சளும் ரோஸும் ஆரஞ்சு. மஞ்சளும் நீலமும் பச்சை. இரண்டே நிறம், மூன்றாவது அலமாரியிலேயே இருக்கட்டும். சிவப்போடு பச்சை சேர்ந்தால் சேறு. நிறங்களை நாம் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்கப்புறம் தடை சொல்ல எதுவும் இருக்காது.

மே 12
நெயில் பாலிஷை நீரில் விட்டுச் செய்தால் பிரமாதமாக வருகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரும், மறுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளோடு செய்யாதீர்கள். அதன் கரைப்பான்கள் ஆவியாகித்தான் பாலிஷ் காய்கிறது. குனிந்து தட்டைப் பார்க்கும் பிள்ளையின் மூக்குக்கு நேரே அந்த ஆவி எழுகிறது. எளிதில் தீப்பிடிக்கும் சாமான் வேறு. எனாமல் பெயின்டில் மண்ணெண்ணெய் கலப்பதும் அப்படியே. பெரியவர்கள் தனியாக, காற்றோட்டமான இடத்தில் செய்துகொள்ளலாம். இந்த விஷயத்தில் என் கருத்து மாறாது.

மே 19
ஃபுட் கலர் பிடிக்காத அம்மா ஒருவர் மஞ்சள்தூளைக் கரைத்து நுரையில் விட்டிருக்கிறார், அது சிவந்துவிட்டது, க்ரீமில் ஏதாவது கோளாறா என்று கேட்கிறார். கோளாறு இல்லை. ஷேவிங் நுரை சோப்பு, சற்றுக் காரத்தன்மை உள்ளது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவப்பது எதனாலோ அதனால்தான் இதுவும். பிள்ளைகளுக்கு அதையே காட்டுங்கள். பாதித் தட்டில் நுரை, பாதியில் வெறும் தண்ணீர், இரண்டிலும் அதே மஞ்சள்.

சங்குப்பூ ஊறிய நீர் நீலம். எலுமிச்சை பட்டால் ஊதா, ரோஸ் என்று போகும். சோப்பு நுரையில் பச்சைப் பக்கம் சாயும். பார்க்க ஆனந்தம், ஆனால் வெளிச்சத்தில் இந்த நிறங்கள் நிற்காது. மஞ்சள் மிகச் சீக்கிரம் வெளிறும். ஃபுட் கலரும் ஜன்னல் வெயிலில் வெளிறும், மஞ்சளைவிடக் கொஞ்சம் தாமதமாக. சுவரில் மாட்ட வேண்டியதை நுரையில் செய்யாதீர்கள்.

ஜூன் 2
சாக்பீஸ். இதைத் தனியாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டு வயதுப் பிள்ளையும் ஏழு வயதுப் பிள்ளையும் ஒரே தட்டில் செய்ய முடிவது இது ஒன்றுதான்.

கலர் சாக்பீஸை டீ வடிகட்டியின் கம்பி வலையில் தேயுங்கள். கீழே தாம்பாளத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர். பொடி மேலே விழுந்து மிதக்கும். ஊதினால் நகரும், ஈர்க்குச்சியால் இழுத்தால் பிரியும். தாளைத் தட்டையாக வைத்து உடனே எடுத்தால் பொடி தாளோடு வந்துவிடும். நம் ஊரில் தண்ணீர் மேல் கோலப்பொடி தூவிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல, கோலத்தைத் தாளில் பிடிப்பது மட்டும்தான் புதிது.

ஆனால் கோலப்பொடியையே பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். அதில் எந்தச் சாயம் இருக்கிறதென்று பொட்டலத்தில் எழுதியிருக்காது. இந்த வயதில் விரல் எப்படியும் வாய்க்குப் போகும்.

பொடி காய்ந்த பிறகு கையில் ஒட்டுகிறது என்ற குறை உண்டு. தட்டுத் தண்ணீரில் இரண்டு கரண்டி தெளிந்த வடிகஞ்சி சேர்த்துப் பார்த்தேன், பிடிப்பு கூடியது. முழுக்க நிற்கவில்லை.

ஜூன் 3
சாக்பீஸ் பொடி விழுந்ததும் மூழ்கிவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். தாம்பாளத்தில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு மிச்சம் இருக்கிறது. நீரின் மேல்தோல் இழுப்பில்தான் அந்தப் பொடி நிற்கிறது, சோப்பு அந்த இழுப்பைக் குறைத்துவிடும். தட்டை வெந்நீரில் அலசித் துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இதையே விளையாட்டாகவும் காட்டலாம். பொடி மிதக்கும்போது நடுவில் சோப்பு தொட்ட ஈர்க்குச்சியை வைத்தால் எல்லாம் ஓரத்துக்கு ஓடும். ஏழு வயதுப் பையனை அதன் பிறகு அரை மணி நேரம் அசைக்க முடியாது.

ஜூன் 16
ஏழு வயதுக்கு நுரை சீக்கிரம் சலித்துவிடும், அதனால் கஞ்சி பற்றி. இதுதான் உண்மையான மார்பிளிங். துருக்கியில் எப்ரு என்று செய்வதும் இந்த வழிதான், 2014இல் யுனெஸ்கோ அதை மரபுக் கலைகள் பட்டியலில் சேர்த்தது. கெட்டியான குழம்பின் மேல் நிறத்தை மிதக்க விடுவார்கள். அங்கே குழம்புக்கு ஒரு முட்செடியின் பிசின், அல்லது கடல்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன். ராமநாதபுரம் கடற்கரையில் கயிற்றிலும் மிதவையிலும் கட்டி வளர்க்கிற பாசி போவதும் இந்தக் கராஜீனன் எடுக்கத்தான். வெந்தயத்தையும் ஆளிவிதையையும் கொதிக்க வைத்துக் குழம்பு எடுக்கும் வழக்கமும் பழைய துருக்கியக் கைவினைஞர்களிடம் உண்டு. வெந்தயக் குழம்பை வீட்டில் செய்து பார்த்தேன். வழுவழுவென்று நன்றாகவே வருகிறது, வாசனை மட்டும் நாள் முழுக்க அறையில் நிற்கும்.

நமக்குச் சோளமாவு (கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு) போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி. முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறி, கண்ணாடி மாதிரி தெளிந்ததும் இறக்குங்கள். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுகிறவர்களுக்குப் பதம் தெரியும், அதைவிட ஒரு பங்கு கெட்டி. வேட்டித் துணியில் வடிகட்டி முழுக்க ஆற விடுங்கள். ஆறாத கஞ்சியில் எதுவும் நிற்காது, பிள்ளைக்கும் சுடும். அடுப்பு வேலையை முந்தின நாள் இரவே முடித்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏடு படியும். செய்தித்தாளை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மேலே இழுத்தால் ஏடு அதோடு வந்துவிடும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் மிஞ்சிய நிறத்தையும் இப்படியே எடுக்க வேண்டும். இந்த வேலையைப் பையனிடம் கொடுங்கள், பெருமையாகச் செய்வான்.

நிறத்துக்கு அக்ரிலிக் பெயின்ட், பால் அளவு தண்ணியாக. ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மூழ்கினால் இன்னும் தண்ணீர். மிதந்தும் விரியாமல் நின்றால் பல்குச்சி நுனியில் பாத்திர சோப்பு தொட்டுக் கலக்குங்கள். தட்டு முழுக்க ஓடினால் சோப்பு அதிகம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விரிந்து நின்றால் சரி.

ஜூன் 16, தொடர்ச்சி
படிகாரம்! அது இல்லாமல் அக்ரிலிக் தாளில் பிடிக்காது, அலசும்போது வழிந்து போய்விடும். வாசலில் திருஷ்டிக்குத் தொங்குகிற அதே சீனாக்காரம்தான், கடையில் புதிதாக வாங்குங்கள். பொடித்து ஒரு மேசைக்கரண்டி, அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறியதும் பஞ்சால் தாளின் ஒரு பக்கம் தடவிக் காய வையுங்கள். தடவிய பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், காய்ந்த பிறகு எந்தப் பக்கம் என்று தெரியாது. அன்றோ மறுநாளோ பயன்படுத்திவிடுங்கள். படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது, தடவி வைத்த தாளை மாதக்கணக்கில் விட்டால் நொறுங்கிப்போகும்.

தாளை வைக்கும் விதம்: எதிரெதிர் மூலைகளைப் பிடித்து, நடு வயிறு முதலில் தொடும்படி இறக்கி, மூலைகளை விடுங்கள். காற்று அடைபட்ட இடம் வெள்ளைப் பொட்டாக நிற்கும். எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் மெல்ல அலசிக் கொடியில் போடுங்கள்.

மிஞ்சிய கஞ்சியைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைக்கும். அக்ரிலிக் பிளாஸ்டிக் என்பதால் செடிக்கும் வேண்டாம். அகலமான தட்டில் வெயிலில் காய வைத்து உரித்துக் குப்பையில் போடுங்கள்.

ஜூன் 17
மிதக்கும் நிறத்தை வரிவரியாக இழுக்கும் சீப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு. தெர்மாகோல் துண்டில் ஈர்க்குச்சிகளை ஒரு விரல் இடைவெளியில் குத்துங்கள். தட்டின் அகலத்துக்கு ஒன்று, கைப்பிடி அளவுக்கு ஒன்று. பெரியதால் மேலிருந்து கீழ் ஒரு முறை இழுத்தால் பழைய புத்தக அட்டைகளில் வரும் அலை வந்துவிடும்.

ஜூலை 7
"இது வெளிநாட்டுக் கலை, நமக்கு எதற்கு" என்று ஒரு பதில். தக்காணத்தைப் பாருங்கள். பீஜப்பூரில், ஆதில்ஷாஹி சுல்தான்கள் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், மார்பிள் தாளையே ஓவியமாக்கினார்கள். எலும்பும் தோலுமான குதிரையும் அதன்மேல் ஒரு மெலிந்த ஆளும் உள்ள படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருவத்துக்குள் மட்டும் மார்பிள் விழும்படி மற்ற இடத்தை மறைத்துச் செய்யும் வேலை. அந்த நெளிகோடுகள் குதிரையின் விலா எலும்பாகவும் தோல் சுருக்கமாகவும் தெரியும். பார்த்துவிட்டு நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூடவில்லை.

பிள்ளைகளுக்கு இதையே மெழுகு க்ரேயானில் செய்யலாம். வெள்ளை க்ரேயானால் அழுத்தி யானை வரையச் சொல்லுங்கள், பிறகு நுரையில் வையுங்கள். மெழுகு பட்ட இடம் நிறத்தை வாங்காது, கோடுகள் வெள்ளையாக எழும். அல்லது தாளில் யானை வடிவத்தை வெட்டி எடுத்து, ஓட்டை உள்ள பாகத்தை இன்னொரு தாள்மேல் வைத்து ஓரங்களை டேப்பால் ஒட்டி, இரண்டையும் சேர்த்து நுரையில் கவிழ்த்தால் யானை மட்டும் மார்பிளாகும். முதலாவது நாலு வயதுக்கு, இரண்டாவது ஆறுக்கு மேல்.

ஜூலை 8
கடைக் கணக்குப் பேரேடுகளின் அட்டையிலும் ஓரத்திலும் இந்த வடிவம் இருந்ததை ஒரு பெரியவர் நினைவுபடுத்தியிருக்கிறார், நன்றி ஐயா. ஓரத்தில் போட்டதற்கு அழகு மட்டும் காரணமல்ல. ஒரு பக்கத்தைக் கிழித்தால் வடிவம் அந்த இடத்தில் தப்பும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1775இல் அமெரிக்கக் காலனிகள் அச்சிட்ட 20 டாலர் நோட்டின் ஒரு ஓரத்தில் மார்பிள் போட்டதும் கள்ள நோட்டைத் தடுக்கத்தான். ஒருமுறை வந்த வடிவம் மறுபடி வராது. "இன்னொன்று இதே மாதிரி செய்" என்று பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம் போதும்.

அக்டோபர் 6, 2024
கொலு வைத்திருக்கும் வீடுகளுக்கு. வாயில் வைக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று மே மாதம் பாதியில் விட்டது நெஞ்சில் இருந்தது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர்!

உப்புப் போடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்து, அடுப்பில் பாதியாகச் சுண்ட வையுங்கள். ஃப்ரிட்ஜில் குளிர்ந்ததும் விரலில் பிசுபிசுக்க வேண்டும். அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு மின்சாரக் கருவியால் அடித்தால் முட்டை வெள்ளைக்கரு போலவே வெளுத்து எழும். கை வலிக்க அடித்தாலும் சாதாரண கருவியில் எளிதில் வராது. பச்சை முட்டை வெள்ளையில் கிருமி பயம் இருக்கிறது, இதில் அது இல்லை. நிறத்துக்குப் பீட்ரூட் சாறும் சங்குப்பூவும். எலுமிச்சை சேர்ந்ததால் சங்குப்பூ ஊதாவாகும், நீலம் எதிர்பார்க்காதீர்கள்.

நுரை அரை மணி நேரத்தில் இறங்க ஆரம்பிக்கும். முதலில் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு அப்புறம் அடியுங்கள். பக்கத்து வீட்டு ஒன்றேமுக்கால் வயதுக்காரன் ஒரு தாள் எடுத்தான், மீதி நுரையை நக்கினான், யாரும் பதறவில்லை. அன்று சுண்டலும் ஆயிற்று.

அக்டோபர் 20
மழை ஆரம்பித்த ஊர்களில் தாள் காய மறுக்கிறது என்று செய்தி. கொடியில் போடாமல் செய்தித்தாள் நடுவில் வைத்து, மேலே கனமான பலகை வைத்து, காலையும் மாலையும் செய்தித்தாளை மாற்றுங்கள். சுருளாமலும் காயும். கடலைத் தண்ணீரில் செய்ததை மட்டும் இப்படி அடுக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக்குக் கீழே தனித்தனியாகப் பரப்புங்கள்.

தீபாவளிக்கு மொய்க் கவர் செய்யலாமா என்று முதலில் கேள்வி கேட்ட அம்மாவே கேட்டிருக்கிறார். செய்யுங்கள், ஆனால் பையன் கஞ்சியில் செய்ததை வெளிப்பக்கம் வைத்து மடியுங்கள். மூன்றரை வயதுக்காரி நுரையில் செய்தது வியர்வைக் கையில் சாயம் விடும், பட்டு வேட்டியில் பட்டால் போகாது. அவளுடையதை கவருக்குள்ளே, பணம் வைக்கும் வாழ்த்துச் சீட்டாக வையுங்கள்.